பாறைக்குப் பாறை வேறாகும் பல்லி

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை இறங்குமுகமாகவே செல்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர், மைசூர்ப் பீடபூமியின் தென்கிழக்கு விளிம்பு. அங்கிருந்து சூளகிரி வழியாக ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலுள்ள கிருஷ்ணகிரியை அடைவதற்குள் பீடபூமி முடிந்து தமிழகத்துச் சமவெளி தொடங்கிவிடுகிறது. வழிநெடுக ஒரு பக்கம் தொழிற்சாலைகள், மறுபக்கம் பாறைக் குன்றுகள். யானை படுத்திருப்பது போலவும், யாரோ அடுக்கி வைத்துவிட்டு மறந்து போனது போலவும் தோன்றும் உருண்டைப் பாறைகளின் குவியல்கள் அவை. கிருஷ்ணகிரி நகரின் தலைமாட்டில் கோட்டையைச் சுமந்து நிற்கும் சையத் பாஷா மலையும் அப்படிப்பட்ட ஒரு பெரும்பாறையே. 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானின் கையிலிருந்து கும்பினியாரிடம் போன பாராமகால் நாட்டின் கோட்டைகள் பல இத்தகைய மொட்டைப் பாறைகளின் மீதுதான் எழுந்தன. கோட்டைகளின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. அப்பாறைகளின் இடுக்குகளில் கோட்டைகளுக்குப் பல இலட்சம் ஆண்டுகள் முன்பே குடியேறிய ஓர் உயிரின் வரலாற்றை அண்மைக் காலத்தில்தான் அறிஞர்கள் படிக்கத் தொடங்கியிருக்கின்றனர். இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது அதைத்தான்.

அந்த உயிர் ஒரு பல்லி. வால் நீங்கலாக நம் சுண்டுவிரல் அளவே இருக்கும் சின்னஞ்சிறு பாறைப்பல்லி. விலங்கியலார் இதன் பேரினத்தை நெமாஸ்பிஸ் என்கின்றனர். வீட்டுச் சுவரில் நாம் காணும் பல்லிக்கு விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அகன்ற பட்டைகள் உண்டு. இதற்கு அவை இல்லை. மெலிந்த விரல்களும் கூரிய நகங்களுமே உண்டு. வீட்டுப்பல்லியின் கண்பாவை நெடுக்காகப் பிளந்திருக்கும்; இதன் கண்பாவை வட்டமானது. இவற்றுள் பல வகைகள் பகலில் நடமாடுகின்றன. ஆயினும் வெயிலில் திரிவதில்லை. பாறையின் நிழற்பக்கத்திலும் அடிப்பாகத்திலும் ஒட்டிக்கிடந்து, சிறு பூச்சிகளைத் தின்று, பாறை இடுக்கில் இரண்டிரண்டு முட்டைகளை ஒட்டி வைத்து, பிறந்த குவியலிலேயே வாழ்ந்து மடிகின்றன.

ஊர்வனவற்றைப் பெயரிட்டுப் பிரித்தறிவதில் நம் முன்னோர் சளைத்தவர்கள் அல்லர். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்ஜாஹிஸ் தம் ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலில் விலங்குகளின் வடிவை மட்டுமன்றி இயல்பையும் வாழிடத்தையும் சேர்த்தே ஆராய்ந்தார். பின்னர் வந்த எகிப்து நாட்டு அறிஞர் தமீரி, விலங்குகளை அரபு நெடுங்கணக்கு வரிசையில் அடுக்கி ஓர் அகராதியே செய்தார். ளப்பு வேறு, வஸக் வேறு, ஹிர்பா வேறு என்று அரபு மொழி பிரித்துப் பேசுகிறது. தமிழும் பல்லி, ஓணான், அரணை, உடும்பு, பச்சோந்தி என்று பிரித்தே வழங்குகிறது. ஆனால், கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் இரு பல்லிகள் உண்மையில் ஒன்றுதானா என்ற வினாவுக்குக் கண்ணை மட்டும் நம்பி விடை சொல்ல இயலாது.

இந்த வினா எழுந்த வரலாறு சுவையானது. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஜெர்டன் என்னும் ஆங்கிலேயர், தென்னாட்டு ஊர்வனவற்றைப் பட்டியலிட்டு 1853இல் வங்காள ஆசியக் கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். அதில் இடம்பெற்ற ஒரு சிறு பல்லிக்கு மைசூர் நாட்டின் பெயரால் ‘மைசோரியென்சிஸ்’ என்று பெயரிட்டார். வருணனை சில வரிகள்தான். ஒரு சிற்றினத்துக்குப் பெயரிடும்போது, பெயருக்குரிய உடல் இதுவே என்று சான்றாக ஒரு மாதிரியைப் பாதுகாத்து வைப்பது விலங்கியல் மரபு. ஜெர்டனின் பல்லிக்கு அத்தகைய மாதிரி எதுவும் எஞ்சவில்லை. உடலில்லாத பெயரை எந்த உடலின் மீதும் ஏற்றலாம் அல்லவா? 2009ஆம் ஆண்டில்தான் வரத் கிரி, இஷான் அகர்வால், ஆரோன் பாவர் ஆகிய மூவரும் இப்பெயருக்குப் புதியதொரு சான்று மாதிரியை நிறுவி, இந்தப் பல்லி எது, எங்கு வாழ்வது என்பதை வரையறுத்தனர். இத்தகைய நூலகப் பணியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், பின்னால் வந்த கண்டுபிடிப்புகளுக்கெல்லாம் அடித்தளம் இதுவே என்பது நம் கருத்து. அளவுகோல் எது என்று தெரிந்த பிறகே விலகலை அளக்க முடியும்.

விலகலை அளப்பது எவ்வாறு? நம் வாசகர்களுக்கு நன்கு பழக்கமான ஒன்றைக் கொண்டு விளக்கலாம். ஓர் அரபுத் தமிழ்ச் சுவடியைக் கற்பனை செய்து கொள்வோம். அதைக் காயல்பட்டினத்தில் ஒருவர் படியெடுக்கிறார். கீழக்கரையில் மற்றொருவர் படியெடுக்கிறார். ஒவ்வொரு படியிலும் ஒரு சில எழுத்துப் பிழைகள் நேர்கின்றன. காயல் படியிலிருந்து எடுத்த படிகள் யாவும் காயல் பிழைகளைச் சுமக்கும். கீழக்கரைப் படிகள் கீழக்கரைப் பிழைகளைச் சுமக்கும். இரு ஊர்க்காரர்களும் தம் படிகளை ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே வந்தால் வேறுபாடு பெருகாது. போக்குவரத்து நின்றுபோனால் பிழைகள் தனித்தனியே குவிந்துகொண்டே போகும். எழுதியவர் பெயரோ ஆண்டோ இல்லாவிடினும், பிழைகளை எண்ணியே எந்தப் படி எந்தப் படிக்கு உறவு, எது முன்னர்ப் பிரிந்தது என்று பதிப்பாசிரியர் கூறிவிடுவார்.

உயிர்களின் உடலணுக்களில் உள்ள டி.என்.ஏ. என்பதும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டுத் தலைமுறைதோறும் படியெடுக்கப்படும் ஒரு சுவடிதான். அதிலும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பில் உள்ள பகுதி தாய் வழியாக மட்டுமே பிள்ளைகளுக்குச் செல்கிறது. அளவிற் சிறியது, பிழைகள் விரைவாகச் சேர்வது என்பதால் ஆய்வாளர் பெரும்பாலும் முதலில் படிப்பது இதையே. பல்லிகளைப் பொறுத்தமட்டில் என்.டி.2 எனப்படும் ஏறத்தாழ 1000 எழுத்துகள் கொண்ட மரபணு மிகுதியாகப் பயன்படுகிறது. பல்லியின் வால்நுனியிலோ ஈரலிலோ எடுத்த சிறு துணுக்கு போதும். இரு குன்றுகளில் எடுத்த துணுக்குகளில் 1000 எழுத்துகளுக்கு இரண்டு மூன்று வேறுபட்டால் அவை அண்மைக்கால உறவினர். 100, 150 வேறுபட்டால் அவற்றின் மூதாய்கள் பிரிந்து நெடுங்காலம் ஆயிற்று என்று பொருள். பிழை சேரும் வேகத்தைத் தோராயமாகக் கணித்து, பிரிந்த காலத்தையும் மதிப்பிடுகின்றனர். மதிப்பீடு என்ற சொல்லை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். இந்தக் கடிகாரம் ஒரே சீராக ஓடுவதில்லை.

இந்த முறையில் மைசூர்ப் பீடபூமியின் பாறைப்பல்லிகளை ஆராய்ந்து அகர்வால், தேஜஸ் தாக்கரே, சௌனக் பால், அட்சய் காண்டேகர் ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வுரை நம் எல்லைப் பகுதிக்கு நேரடித் தொடர்புடையது. அதில் மூன்று புதிய சிற்றினங்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று, கர்நாடகத்தின் கோலார்ப் பகுதியைச் சேர்ந்த ‘பங்காரா’. கன்னடத்தில் பொன் என்று பொருள்படும் இப்பெயர் கோலார்த் தங்கவயலை நினைவூட்டுவது. மற்றொன்று, கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் நிற்கும் ஏலகிரி மலையின் பெயர் தாங்கிய ‘ஏலகிரியென்சிஸ்’. மூன்றாவது, ஆந்திரப் பக்கத்தைச் சேர்ந்த ‘கிரானிட்டிகோலா’. பாறையில் குடியிருப்பது என்பது பொருள். மூன்று மாநிலங்கள், மூன்று பல்லிகள். ஓசூர்ச் சந்தையில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் தக்கினி உருதுவும் ஒருசேரக் கேட்பதைப் போல, ஒரு பகற்பொழுதுப் பேருந்துப் பயணத்துக்குள் இத்தனை வேறுபாடு! மாநில எல்லை 1956இல் மொழியை வைத்து வரைந்த கோடு. பல்லிகளின் எல்லை அதற்கு எவ்விதத்திலும் கட்டுப்பட்டதன்று.

ஆய்வுரையின் தலைப்பே அதன் முடிவைச் சொல்லிவிடுகிறது. கருங்கற் பாறைகள் நெடுங்காலப் பருவநிலை மாற்றத்திலிருந்து உயிர்களைக் காத்த புகலிடங்கள் என்பதும், இப்பல்லிக் கிளை மையோசீன் காலத்திலேயே பிரிந்தது என்பதும் அதன் சாரம். மையோசீன் என்பது இன்றைக்கு 2.3 கோடி ஆண்டுகள் முதல் 53 இலட்சம் ஆண்டுகள் முன்வரையான காலம். தென்னிந்தியா படிப்படியாக வறண்டு, பரந்து கிடந்த ஈரக்காடுகள் மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிச் சுருங்கிப் போனதும் அக்காலத்திலிருந்துதான். ஈரம் நாடும் உயிர்கள் பல காட்டோடு பின்வாங்கின அல்லது அழிந்தன. சில பல்லிகள் மட்டும் பின்வாங்கவில்லை. காடு போனாலும் பாறை இருந்தது.

பாறைக் குவியலின் உட்புறம் எப்படிப்பட்டது என்பதைச் சித்திரை வெயிலில் ஒரு பொத்தையின் இடுக்கில் கையை நுழைத்துப் பார்த்தவர் அறிவர். மேற்பரப்பு கால் வைக்க முடியாதபடி தகிக்கும். உள்ளே சில முழ ஆழத்தில் தண்மை நிலவும், இரவின் ஈரம் தங்கியிருக்கும். பெரிய கல் மெல்லச் சூடேறி மெல்லக் குளிர்வதால், வெளியுலகின் கோடையும் குளிரும் உள்ளே தணிந்தே புகுகின்றன. கிருஷ்ணகிரி வட்டாரத்தின் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையுடையவை. நிலவியல் மாற்றம் எதுவும் அவற்றை எளிதில் அசைத்துவிடவில்லை. ஆதலால் சிறு பல்லிக்கு அது நம்பத் தகுந்த வீடாயிற்று. ஆனால் அந்த வீடே சிறையும் ஆயிற்று. ஒரு குவியலுக்கும் அடுத்த குவியலுக்கும் இடையே கிடப்பது சில கிலோமீட்டர் வெட்டவெளி. காடு இருந்த காலத்தில் அது கடக்கக் கூடிய நிலம். காடு போன பிறகு, விரல் நீளமுள்ள, வெயில் தாங்காத பல்லிக்கு அது கடல். ஒவ்வொரு குன்றும் ஒரு தீவாகிவிட, ஒவ்வொரு தீவிலும் சுவடி தனித்தனியே படியெடுக்கப்பட்டது.

சற்றுத் தெற்கே போனால் இதே கதை இன்னும் செறிவாக நிகழ்ந்திருக்கிறது. சேர்வராயன் மலையைச் சூழ்ந்த மலைத்தொகுதிகளில் மட்டும், ஒவ்வொன்றும் மிகச் சிறு பரப்பில் அடங்கிய ஐந்து புதிய பாறைப்பல்லிச் சிற்றினங்களை அகர்வால் குழுவினர் 2022இல் அறிவித்தனர். அவை யாவும் பாலக்காட்டு மலைகளிலிருந்து பெடோம் என்பவர் 1870இல் விவரித்த ‘கிராசிலிஸ்’ என்னும் பல்லியின் சுற்றத்தைச் சேர்ந்தவை. பிடிக்கப் போனால் துள்ளித் தப்பிய ஒன்றுக்குத் திரைப்பட நடிகர் ஜாக்கி சானின் பெயரைச் சூட்டியிருக்கின்றனர். அறிவியலாருக்கும் நகைச்சுவை உண்டு!

வறட்சி எல்லா உயிர்களையும் ஒரே விதமாக நடத்தவில்லை என்பதையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். தொண்டைக்குக் கீழே விசிறி போன்ற தோல்மடிப்பை விரித்துக் காட்டும் சிறு ஓணான் ஒன்று தரிசு நிலங்களில் ஓடித் திரிவதைக் காணலாம். 1829இல் குவியே என்னும் பிரெஞ்சு அறிஞர் புதுச்சேரியின் பெயரால் அதற்கு ‘சிட்டானா பாண்டிசெரியானா’ என்று பெயரிட்டார். நெடுங்காலம் இந்தியா முழுவதும் உள்ளவை இந்த ஒன்றே என்றுதான் பலரும் கருதினர். 2016இல் தீபக் வீரப்பனும் பிரவீண் கரந்தும் பிறரும் மரபணுக்களை ஒப்பிட்டு, ஒரு புதிய பேரினத்தையும் ஐந்து புதிய சிற்றினங்களையும் பிரித்துக் காட்டினர். அவற்றுள் ஒன்றுக்கு ‘விசிரி’ என்று பெயர். நம் பனையோலை விசிறிதான். அதே ஆண்டில் தென்தமிழகத்துச் சிற்றினம் ஒன்று ‘மருதம்நெய்தல்’ என்னும் திணைப் பெயர்களைப் பெற்றது. இலத்தீன் பட்டியலில் நம் ஐந்திணைகளுள் இரண்டு ஏறியது நமக்கு மகிழ்ச்சியே. இந்த ஓணான்கள் பலவாகப் பெருகியதற்கு நாடு வறண்டதே காரணம் என்று தீபக், கரந்த் இருவரும் 2018இல் நிறுவினர். வெட்டவெளியை விரும்பும் ஓணானுக்கு வறட்சி புதிய நாடுகளைத் திறந்துவிட்டது. நிழலை நம்பிய பாறைப்பல்லியை அதே வறட்சி கல்லுக்குள் அடைத்துவிட்டது.

இனி ஓர் எச்சரிக்கை. இரண்டு இடத்து உயிர்கள் வெவ்வேறாக நடந்துகொண்டால் உடனே மரபணு வேறுபாடு என்று முடிவுகட்டலாகாது. ஓசூர் வட்டாரத்துப் பாறைகளின் உச்சியில் வெயில் காயும் பெரிய பாறை ஓணானை அறியாதவர் இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணான் சிவப்பும் மஞ்சளும் பூசியது போல் நிறம் மாறி நிற்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அனுராதா பட்டாபியால், மரியா தாக்கர் ஆகியோர் இந்த ஓணான்களைப் புறநகரிலிருந்தும் நாட்டுப்புறத்திலிருந்தும் பிடித்து வந்து ஒரு சோதனை செய்தனர். ஆபத்து நேரும்போது இரு பதுங்கிடங்களுள் எது பாதுகாப்பானது என்று கற்றுக்கொள்ள வேண்டும். புறநகர் ஓணான்களே விரைந்து கற்றன என்று 2019இல் அறிவித்தனர். ஓசூர் வரை நீண்டுவிட்ட பெங்களூருவின் புறநகர் வாழ்க்கை மனிதரை மட்டுமன்றி ஓணானையும் சாமர்த்தியசாலி ஆக்குகிறது போலும். இது சில பத்தாண்டுகளில் நகரம் கற்பித்த பாடமாக இருக்கலாம்; பிறவிக் கூறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாறைப்பல்லியின் வேறுபாடோ எழுத்திலேயே பதிந்தது, இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஊறியது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் கூடாது.

மற்றொரு தடையும் கல்வியாளரிடையே எழுப்பப்படுகிறது. குன்றுக்குக் குன்று எழுத்து வேறுபட்டால் ஒவ்வொன்றையும் தனிச் சிற்றினம் என்பதா, அல்லது ஒரே சிற்றினத்தின் வட்டாரக் கூட்டங்கள் என்பதா? தாய்வழி வரும் ஒரு மரபணுவை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வது பொருந்தாது என்பார் வாதத்தில் நியாயம் உண்டு. ஹதீஸ் கலை பயின்றோர் இதை எளிதில் உணர்வர். ஒரே அறிவிப்பாளர் வரிசையில் வரும் செய்தி ஒரு தரம். பல வரிசைகளில் வந்து ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் முதவாதிர் வேறொரு தரம். அதனால்தான் தேர்ந்த ஆய்வாளர், உட்கருவின் மரபணுக்களையும், ஆண்பல்லியின் தொடையில் உள்ள துளைகளின் எண்ணிக்கை, செதிலமைப்பு, புள்ளிகளின் வண்ணம் முதலிய உடற்கூறுகளையும் சேர்த்துச் சாட்சியாக்குகின்றனர். சாட்சிகள் ஒத்துப்போகும் இடத்தில் சிற்றினம் என்பதை ஏற்பதில் நமக்குத் தயக்கமில்லை. ஒத்துப்போகாத இடத்தில் வட்டாரக் கூட்டம் என்றே வைத்துக்கொண்டாலும், அதன் சுவடி தனிச் சுவடிதான். வேறெங்கும் அதற்குப் படி இல்லை.

இங்குதான் கிருஷ்ணகிரியின் இன்றைய நிலைமை குறுக்கிடுகிறது. இம்மாவட்டத்துக் கருங்கல் உலகச் சந்தையில் புகழ் பெற்றது. செந்நிறமும் சாம்பலும் அலையலையாய் ஓடும் ‘பாரடைசோ’ கல்லைப் பலகையாக அறுத்து வெளிநாடுகளுக்கு அனுப்புகின்றனர். பர்கூர், ஜெகதேவி வட்டாரங்களில் கல் அறுக்கும் ஆலைகள் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. ஏற்றுமதிக்கு ஆகாத கல் ஜல்லியாகவும், ஆற்றுமணலுக்கு மாற்றான எம்.சாண்டாகவும் பொடிக்கப்பட்டு ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் லாரி ஏறுகிறது. வீட்டுப்பல்லி அந்த லாரியிலேயே தொற்றிக்கொண்டு ஊர் மாறி, சரக்கோடு கடல் கடந்து, போன இடத்துச் சுவரில் குடியேறும். பாறைப்பல்லிக்கு அந்த வழி இல்லை. பாறை போனால் அது போக இடமில்லை.

சட்டம் முற்றிலும் கண்மூடி இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த கற்குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீபக் குமார் வழக்கில் கூறியது. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காடுகளைச் சேர்த்துக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தைத் தமிழக அரசு அறிவித்தது. அது யானைக்கும் புலிக்கும் ஆற்றுக்கும் நன்மை. ஆயினும், காப்புக் காடுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021இல் வந்த விதி, மறு ஆண்டு டிசம்பரிலேயே தளர்த்தப்பட்டது. மேலும் நாம் பேசும் குன்றுகள் பல காட்டுக்குள் இல்லை. வருவாய்த்துறைக் கணக்கில் கல்லாங்குத்து, பாறைப் புறம்போக்கு என்று எழுதப்பட்ட நிலங்கள் அவை. மரமில்லை, மிருகமில்லை, ஆகவே பயனற்றவை என்று எண்ணப்படுபவை. பெரிய காட்டில் ஒரு மூலை அழிந்தாலும் மறுமூலையில் புலி வாழும். ஒரே குன்றில் மட்டும் வாழும் பல்லிக்கு மறுமூலை என்று ஒன்றில்லை.

கல் வெட்டுவதை நிறுத்திவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நாம் தொழும் பள்ளிவாசலின் தளமும் நாம் குடியிருக்கும் வீட்டின் படியும் அந்தக் கல்தானே. எந்தக் குன்றை வெட்டுவது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் முன், அங்கு எந்தச் சுவடி இருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பது நடக்கக் கூடிய காரியமே. ஜெர்டனின் மாதிரி இல்லாமற் போனபோது, 156 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நாட்டுப் பாறைகளிலிருந்து இன்னொன்றை எடுத்து அந்த இடத்தை நிரப்ப முடிந்தது. பாறைகள் நின்றன, பல்லிகளும் இருந்தன. இன்று கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் விலங்கியல் பயிலும் கல்லூரி மாணவர்கள், குவாரிக்கு ஏலம் விடப்படும் குன்றுகளை அதற்கு முன்னரே ஒரு காலைப்பொழுது சுற்றி வந்தால் போதும். பாறையின் அடிநிழலில் ஒட்டிக்கிடக்கும் பல்லியைப் படம்பிடித்து, நாளும் இடமும் குறித்து, அனுமதி பெற்ற ஆய்வாளர் வழியே வால்நுனித் துணுக்கு ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே சாலையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் குன்றுகளிலிருந்து இதைத் தொடங்கலாம்.